போர்டு வளைவில் ஏறுகிறவர்கள்

உட்கார்ந்தாகிவிட்டது. ஜன்னலோர சீட், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, கால் நீட்ட இடம் இருக்கிற ஒரே சீட். சோற்றுப் பையை மடியில் வைத்து வலது முழங்காலை நீட்டியதும் வழக்கமாக வருகிற அந்த வலி விண்ணென்று தொடைவரை ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கியது. இறங்கும்போது வருகிற சுகம்தான் இன்றைக்கு வரவில்லை. ஐயோ, இன்றைக்கு இங்கே ஏறக் கூடாதே, இன்றைக்கு ஒருநாள் மட்டும் இங்கே ஏறக் கூடாதே என்று பூங்காவனத்துக்குள் யாரோ கத்தினார்கள். மேட்டுத்தாங்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. இறங்கி, வந்த வழியே கால்வாய்க் கரையில் நடந்தால் பன்னிரண்டு நிமிஷத்தில் ஹவுசிங் போர்டு வாசலில் இருக்கிற போர்டு வளைவு ஸ்டாப்புக்குப் போய்விடலாம். அங்கேதான் இப்போது பஸ் ஆபீசிலிருந்து வந்த பெண் கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். இன்றைக்குக் காலை அந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் வண்டி ஏறுகிறார்கள் என்று எண்ணுவதற்காகவே வந்திருக்கிறாள். இருபது பேராவது ஏறினால் ஸ்டாப் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் வண்டி ஹவுசிங் போர்டு பக்கமே திரும்பாது, நேராக பைபாஸில் போய்விடும். இதையெல்லாம் பூங்காவனம்தான் பிளாக் பிளாக்காக ஏறி இறங்கிச் சொன்னாள். மூன்று பிளாக், ஒவ்வொன்றிலும் நான்கு மாடி, லிஃப்ட் என்று ஒரு பொந்து இருக்கிறது, அதில் பூனைதான் குட்டி போடுகிறது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அத்தனை படியும் ஏறி, இருபத்தைந்து பேரிடம் சொல்லி, ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் வாங்கினாள். இப்போது அவளே இங்கே உட்கார்ந்திருக்கிறாள். கால் தானாக வந்துவிட்டது. ஆறு வருஷமாக இதே நேரம் இதே கரைமேல் நடந்த கால், அதற்கென்ன தெரியும், மாடு மாதிரி பழகிய இடத்துக்குப் போய் நின்றுவிட்டது. அதுதான். வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அவள்தான். அப்போதெல்லாம் வளைவில்தான் எல்லோரும் ஏறுவார்கள். வண்டி மேட்டுத்தாங்கலில் கிளம்பி, கம்பெனிப் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு ரொம்பித்தான் வளைவுக்கு வரும். ஐம்பது நிமிஷம் நின்றபடி போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்திலாவது உட்கார முடியுமா? பூங்காவனத்துக்கு மெட்ரோ ரயில் ஸ்டேஷனில் தரை துடைக்கிற வேலை. காலை ஏழு முதல் மதியம் மூன்று வரைக்கும் நிற்க வேண்டும். பளபளவென்று கருங்கல் தரை, வரிசையாக இரும்பு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சையும் ஒருநாளைக்கு நான்குமுறை துடைக்கிறாள், ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது, மேலே கேமரா இருக்கிறது, சூப்பர்வைசருக்கு போனிலேயே தெரிந்துவிடும். ஒருநாள் மயக்கமாக வந்து இரண்டு நிமிஷம் சாய்ந்ததற்கு, "பாசஞ்சர் உட்கார்ற இடத்துல நீ உட்கார்ந்தா பாசஞ்சர் எங்கம்மா உட்காருவாங்க" என்று கேட்டான். ஸ்டேஷன் காலியாக இருந்தது. காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. அந்த வருஷம்தான் முழங்கால் வீங்கியது. அப்போதுதான் தோன்றியது, வண்டி நம்மிடம் வருகிற வரைக்கும் ஏன் நிற்க வேண்டும், வண்டி வருகிற வழியிலேயே பின்னால் நடந்து பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறினால் சீட் கிடைக்குமே. கால்வாயைத் தாண்டப் பலகை போட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு நிமிஷம், அவ்வளவுதான். முதல் நாள் அப்படி வந்து இதே சீட்டில் உட்கார்ந்தபோது ஏதோ பெரிய திருட்டு செய்துவிட்டுப் பிடிபடாமல் வந்தவள் மாதிரி சந்தோஷமாக இருந்தது. வண்டி வளைவுக்கு வந்தபோது கீழே நின்றிருந்த ஜெபமணியைப் பார்த்துக் கையசைத்தாள். அந்தக் கையசைப்புதான் வினை. மறுநாள் ஜெபமணியும் பின்னால் நடந்தாள். ஒரு மாதத்தில் ஏழெட்டுப் பேர். ஒரு வருஷத்தில் வளைவில் நிற்க ஆளே இல்லை. கன்டக்டர் கொடுக்கிற பெண்களுக்கான இலவச டிக்கெட்டிலும் மேட்டுத்தாங்கல் என்றுதான் அடிக்கும், ஏறிய இடத்தைத்தானே அடிக்க வேண்டும், அது மிஷினுக்குள் போய் எங்கேயோ யாரோ பார்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். ஆறாவது வரைக்கும் படித்த பூங்காவனத்துக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமா என்ன.

இறங்கிவிடலாம் என்று பையைத் தூக்கினாள். அந்த நேரத்தில் பின்படியில் ஒருத்தி முக்காடு போட்ட மாதிரி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஏறினாள். கார்த்திகை மாதப் பனிதான், ஆனாலும் அந்த அளவுக்கு மூட வேண்டியதில்லை. அந்த நடையை இருட்டில் பார்த்தாலும் தெரியும். ஜெபமணி. சத்தியம் செய்தவள். தன் மகன் தலைமேல் கை வைத்துச் செய்தாள், பையன் வேண்டாம் வேண்டாம் என்று நெளிந்தான். ஜெபமணி நேராக வந்து, பூங்காவனத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையை இன்னும் இழுத்துவிட்டு, பக்கத்து சீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தாள். "ஏய், நில்லுடி. இங்க இன்னா பண்றே?" "நீ இன்னாக்கா பண்றே?" "நான் கேட்டதுக்கு பதில் சொல்லு." "எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சுக்கா. ராத்திரியெல்லாம் தூங்கல. நான் ஒருத்தி இல்லாட்டி இன்னா ஆயிடப் போவுதுன்னு..." ஜெபமணி பாதியில் நிறுத்திவிட்டு, "நீதான் அங்க நிப்பியே, நீ பாத்துப்பேன்னு நினைச்சேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி வந்துவிட்டது. இதுதான் உலகம். திருடனைப் பிடிக்கப் போனால் திருடன் நம்மைப் பிடித்துக்கொள்கிறான். பூங்காவனத்துக்கு அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது, ஆனால் அறைய முடியாது, ஏனென்றால் நான் ஒருத்தி இல்லாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஜெபமணி சொன்னாளே, அதே வார்த்தை, எழுத்துக்கு எழுத்து அதே வார்த்தை, இன்றைக்கு ஐந்தரை தாண்டிக் கதவைச் சாத்தும்போது பூங்காவனத்தின் வாய்க்குள் ஓடியது. ஓடியது. கால் தானாக வந்தது என்பதெல்லாம் பொய். தன்னையும் சேர்த்து இருபத்தாறு பேரில் ஒன்று குறைந்தால் இருபத்தைந்து, இருபதுக்கு மேலே ஐந்து இருக்கிறது, ஏழு மணி முதல் மூன்று மணி வரைக்கும் நிற்கப் போகிற முழங்கால் இது, யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். நினைத்துவிட்டுத்தான் கரைமேல் ஏறினாள். பலகை தாண்டும்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாளே, பழகிய மாடு திரும்பிப் பார்க்குமா?

"பின்னாடி பாருக்கா" என்று ஜெபமணி காதோடு சொன்னாள். பார்த்தாள். கடைசிக்கு முந்தின சீட்டில் பி பிளாக் மும்தாஜ், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே என்னமோ கல்யாண ஊர்வலம் போவதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டு அக்காளும் தங்கையும். அந்தப் பக்கம் பேன்ட் தைக்கிற கம்பெனிக்குப் போகிற மூன்று பேர். முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் ஒருத்தி. ஒவ்வொரு முகமாக எண்ண எண்ண பூங்காவனத்துக்குள் கொதித்துக்கொண்டு வந்தது. பத்து. பதினொன்று. எல்லோரும் எப்படி நைஸாக, தனித்தனியாக, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், ஆளுக்கொரு நேரத்தில் கிளம்பி வந்திருக்கிறார்கள். தினமும் கூட்டமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு வருகிற கும்பல் இன்றைக்குத் தனித்தனியாக வந்திருக்கிறது. "மும்தாஜு!" என்று கத்தினாள். மும்தாஜ் திரும்பாமலேயே, "எனக்கு சுகர்க்கா, நின்னா தலை சுத்தும்" என்றாள். "சத்தியம் பண்ணும்போது சுகர் எங்கடி போச்சு?" "அப்போ சாப்டுட்டு இருந்தேன்." யாரோ சிரித்தார்கள். சிரிப்பு. அவளவளுக்குச் சிரிப்பு. கோதண்டத்தை இவர்களா தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்.

கோதண்டம் பூங்காவனத்தின் புருஷன். வாரத்துக்கு இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பதினொன்று பத்து வண்டியில் வளைவில் ஏறுவான். வீட்டு வாசலிலிருந்து வளைவு நூறு அடி, அதற்கே இரண்டுமுறை நின்று மூச்சு வாங்குவான். உண்மையாகவே வளைவை விட்டால் வேறு வழியில்லாத ஆள் அவன் ஒருவன்தான். ஆனால் அவனை எண்ண மாட்டார்கள், எண்ணுவது காலை ஆறு முதல் ஒன்பது வரைக்கும்தான், பதினொன்று பத்துக்கு வியாதிக்காரன் ஏறினால் அது கணக்கில் இல்லை. சாயங்காலம் முப்பது நாற்பது பேர் அங்கே இறங்குகிறார்களே, அதுவும் இல்லை. காலையில் ஏறியவர்கள்தான் மாலையில் இறங்குகிறார்கள், இரண்டுமுறை எண்ண வேண்டியதில்லை என்று மீட்டிங்குக்கு வந்த ஆபீசர் சொன்னான். வண்டி வளைவுக்கு வராவிட்டால் கோதண்டம் ஒரு கிலோமீட்டர் நடந்து பைபாஸுக்குப் போய், ஆறு லேன் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். தாண்ட ஒரு இரும்புப் படிக்கட்டுப் பாலம் கட்டுவார்களாம். அறுபத்திரண்டு படி. படத்தில் காட்டினார்கள். கையில் குழாய் போட்ட தழும்போடு, கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கின மனுஷன் அறுபத்திரண்டு படி ஏறி அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும். ஆட்டோவுக்கு என்றால் வாரத்துக்கு இரண்டுமுறை போக வர யார் வீட்டில் கொட்டி வைத்திருக்கிறது. இருபது வருஷம் இதே ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினவன். எத்தனை கர்ப்பிணியை, எத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளையை ஏற்றி இறக்கியிருக்கிறான், இப்போது அவனை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி நிற்காது.

சமுதாயக் கூடத்தில் அந்த மீட்டிங் நடந்த நாளை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் காட்டினார்கள். வரப்போகிற நகரத்தின் போக்குவரத்து என்று பெரிதாகத் தலைப்பு. சத்தமே இல்லாமல் ஒரு நீளமான பஸ் மிதந்து வந்து நிற்கிறது, கதவு தானாகத் திறக்கிறது, படியே இல்லை, தரையோடு தரையாக ஏறிக்கொள்ளலாம். உள்ளே எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத்தான் பூங்காவனம் முதலில் பார்த்தாள், ஒருத்தர்கூட நிற்கவில்லை. எல்லோருக்கும் வெள்ளை வெளேரென்று பல். ஒரு கிழவர் பேப்பர் படிக்கிறார், ஒரு பெண் தொட்டிச் செடியை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள், எதற்குச் செடியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறாள் என்று தெரியவில்லை. சோற்றுப் பை யாரிடமும் இல்லை. போனில் தட்டினால் வண்டி எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லுமாம், மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் இதற்கும் ஒரே அட்டையாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதைப் பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் அந்தக் கிழவருக்குப் பக்கத்தில் கோதண்டத்தை உட்கார வைத்துப் பார்த்தாள். அப்புறம் கோடு போட்ட வரைபடம் வந்தது. கோதண்டம்தான் எழுந்து நின்று கேட்டான். "சார், இதுல எங்க போர்டு வளைவு எங்க இருக்கு?" ஆபீசர் கையில் இருந்த சிவப்பு வெளிச்சத்தை வரைபடத்தில் இப்படியும் அப்படியும் ஓட்டினான். அது ஓடி ஓடி, எங்கேயும் நிற்காமல், சுவரை விட்டு இறங்கி, யாரோ ஒரு குழந்தையின் சட்டைமேல் போய் நின்றது. "அந்த ஸ்டாப் இப்போ ரூட்ல இல்லைங்க. அங்க சராசரியா காலையில மூணு பேர்தான் ஏறுறாங்க." மூன்று பேரா என்று கூடமே எழுந்தது. பூங்காவனம்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். "மூணு பேரா? மூணு பிளாக்கு ஜனம் இருக்குது, மூணு பேராயா? எவன்யா எண்ணினான், குருடனா?" ஆபீசர் சின்னப் பையன் முகத்துக்காரன், கோபப்படாமல், "நாங்க ஒரு மாசம் எண்ணினோம்மா. டிக்கெட் மிஷின்லயும் அதேதான் இருக்கு" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, சாதம் வடிக்கும்போது, கஞ்சி விரல்மேல் கொட்டிய அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்று பேர்தான். மீதிப் பேரை அவள்தான் பின்னால் நடத்திக்கொண்டு போனாள். கோதண்டம் கட்டிலில் உட்கார்ந்து, "எண்ணத் தெரியாத பசங்க, நாசமாப் போறவனுங்க" என்று திட்டிக்கொண்டிருந்தான். அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள். இன்றைக்குவரை அவனிடம் சொல்லவில்லை. காலையில் எந்த வழியாகப் போகிறாய் என்று அவன் கேட்டதில்லை, அவள் கிளம்பும்போது தூங்குகிறவன்தானே. எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்ததும், சரி, ஒருநாள் மறுபடி எண்ணுகிறோம் என்றார்கள். அந்த ஒருநாள்தான் இது.

டிரைவர் ஏறிவிட்டான். கதவை அடித்துச் சாத்திய சத்தம். இறங்குவதென்றால் இப்போதே இறங்க வேண்டும். எழுந்தாள். ஆனால் இறங்கி நடந்தால் இந்த வண்டி அவளைத் தாண்டிப் போய்விடும், அடுத்த வண்டிக்கு நின்று ஏறினால் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியாது. விசில் அடித்துவிட்டது. உட்கார்ந்தாள். பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டினாள், சோம்பேறி, உன் புருஷனுக்கு நீயே குழி வெட்டிவிட்டு ஜன்னலோரம் கேட்கிறதா உனக்கு. எவன்மேல் கோபப்படுவது? தொட்டிச் செடிப் பெண்மேலா, சிவப்பு வெளிச்சக்காரன்மேலா, இந்த முழங்கால்மேலா? ஐம்பது நிமிஷம் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுவது அவ்வளவு பெரிய குற்றமா? இன்னும் நான்கு வண்டி கூட விட்டிருந்தால் எவள் பின்னால் நடந்திருப்பாள்? மூன்று பேர்தான் ஏறுகிறார்கள் என்று எண்ணத் தெரிந்தவனுக்கு, ஏன் மூன்று பேர்தான் ஏறுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. சொல்லியிருப்பாளா? அதுவும் சந்தேகம்தான். அவமானமாக இருந்திருக்கும். தினமும் ஸ்டேஷன் சுவரில் இருக்கிற பெரிய வரைபடத்தைத் துடைக்கிறாள், நீலக் கோடு, பச்சைக் கோடு, ஒவ்வொரு வட்டத்தையும் துணியால் தடவித் தடவி. கோடு முடிகிற இடத்துக்கு அப்புறம் வெறும் சாம்பல் நிறம், அதற்கப்புறம் தீயணைக்கிற பைப் பெட்டி. தங்கள் வீடு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், அந்த இடத்தையும் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் நகருவாள். கன்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தான். "எங்க?" என்று தினமும் கேட்கிறவன் இன்றைக்கும் கேட்டான். "வளைவுல நிக்குமில்ல?" என்று பூங்காவனம் கேட்டாள். "எந்த வளைவு?" "போர்டு வளைவு." "அங்க எவன் ஏர்றான்? ஃபுல்லா வந்தா டிரைவர் ஸ்லோவே பண்ண மாட்டாரும்மா." "இன்னிக்கு ஆளு நிக்குது." "நின்னா பாக்கலாம்." அவன் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். ஆறு வருஷத்தில் டிரைவருடைய காலுக்கும் பழகிவிட்டது, வளைவு வந்தால் பிரேக்கைத் தொடாமலேயே திருப்பிக்கொண்டு போகப் பழகிவிட்டது. யார் பழக்கினது.

கால்வாய் ஓரமாக வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. வழியில் ஏறினவர்களால் படிவரைக்கும் நிறைந்துவிட்டது. அவள் கழுத்தை நீட்டி முன்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பத்துப் பன்னிரண்டு பேராவது நிற்க வேண்டும். இங்கே பதினொன்று, அவளோடு பன்னிரண்டு, மீதி பதினான்கு பேர் நின்றாக வேண்டும். தையல் கடைக்குப் போகிறவர்கள் அடுத்த ஆறு இருபது வண்டிக்குப் போகிறவர்களாயிற்றே, அவர்களாவது அப்போது இங்கே இருப்பார்கள். இருப்பார்களா? அவர்களும் இந்நேரம் கரைமேல் நடந்துகொண்டிருந்தால்? வண்டி திரும்பியது. மஞ்சள் சட்டை போட்ட அந்தப் பெண் முதலில் தெரிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான்கு பேர். நான்கே நான்கு. அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கோதண்டம் நின்றிருந்தான். இன்றைக்கு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி இல்லை. ஆறு ஐந்து வண்டியில் அவனுக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் இல்லை. எண்ணிக்கைக்காக வந்திருக்கிறான். ஒரு தலை கூடட்டும் என்று, அவளிடம்கூடச் சொல்லாமல், அவள் கிளம்பின பிறகு எழுந்து, நூறு அடியை எத்தனைமுறை நின்று நின்று கடந்து வந்தானோ. வந்தவன் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். நின்றிருக்கிற நான்கு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிளாக் பக்கம் திரும்பி, இவள் இன்னும் வரவில்லையே என்பதுபோல வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து! நிறுத்துய்யா!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு எழுந்தாள். கன்டக்டர் விசில் அடித்தான். வண்டி ஸ்டாப்பைத் தாண்டிப் பத்து அடி போய் நின்றது. அந்த நான்கு பேரும் ஓடிவந்து பின்படியில் தொற்றினார்கள். மஞ்சள் சட்டைப் பெண் விரலால் தட்டினாள். கோதண்டத்தால் ஓட முடியாது, துண்டு அவிழ, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு முன்படிக்கு வந்தான். கம்பியைப் பிடித்து மேலே பார்த்தான். பூங்காவனம் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு நொடி அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. வண்டிக்குள் இருக்கிற ஜெபமணியைப் பார்த்தான், மும்தாஜைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "ஓ" என்றான். "நீங்க அங்கயே ஏறிக்கிறதுதானா எப்பவும்?" அவ்வளவுதான் கேட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அவள் எழுந்து, அவனுடைய கையை, குழாய் போடாத கையைப் பிடித்து இழுத்து அந்த சீட்டில் உட்கார வைத்தாள். "உக்காரு. பேசாத." "நான் எங்கடி போறது? நான் எண்ணிக்கைக்கு வந்தேன்." "எண்ணிட்டாங்க. கடைசி வரைக்கும் போயி, இதே வண்டியில திரும்பி வா. எழுந்திருக்காத." "ஏய் பூங்கா..." அவள் பின்னால் திரும்பினாள். "எறங்குங்கடி" என்றாள். யாரும் அசையவில்லை. "எறங்குங்கடின்றேன்! அடுத்த வண்டி வருது, அதுல இங்க ஏறினா அது கணக்கு. சுகராம், இடுப்பாம், எங்கிட்ட இல்லாத வியாதியா? இந்த ஆளு செத்தா உங்க வூட்டு வாசல்லதான் கொண்டாந்து வைப்பேன்." "லேட்டாயிடும்க்கா, மேடம் கத்தும்." "கத்தட்டும்." "யம்மா, எறங்குறதுன்னா எறங்கு, நின்னு அரசியல் பேசாத" என்று கன்டக்டர் கத்தினான். அவள் முழங்காலை மடக்க முடியாமல் பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஏழு மணிக்கு வருகை மிஷினில் விரல் வைக்காவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும், போகட்டும். பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கவில்லை. பார்த்து, ஒருத்தியும் இல்லையென்றால் என்ன செய்வது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, ஒன்று, இரண்டு, யாரோ பொத்தென்று குதித்தாள், "ஐயோ என் இடுப்பு" என்று ஜெபமணி. வண்டி கிளம்பியது. ஜன்னலில் கோதண்டத்தின் முகம், கையை வெளியே நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டே போனது.

மஞ்சள் சட்டைப் பெண் தயங்கியபடி வந்தாள். "அக்கா, இறங்கினவங்களை நான் சேர்க்க முடியாது." "சேர்க்காத பாப்பா. ஏறும்போது சேத்துக்கோ." "அடுத்த பஸ்ஸுக்கு நிக்கப் போறீங்களா?" "நிக்கிறதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச வேலை, நிக்கிறோம்." பதினைந்து நிமிஷம். நின்றார்கள். தையல் கடைக்காரிகள் இரண்டு இரண்டாகப் படியிறங்கி வந்தார்கள், இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சேர்ந்து நின்றார்கள். மும்தாஜ் கல்லின்மேல் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரித்தாள். பூங்காவனத்தின் முழங்கால் துடித்துக்கொண்டிருந்தது. கோபம் எங்கேயும் போகவில்லை, யார்மேல் என்று மட்டும் இப்போது கேட்கத் தோன்றவில்லை. அது அப்படியே உடம்பு முழுக்கப் பரவி நின்றது, காய்ச்சல் மாதிரி. ஆறு இருபது வண்டி கால்வாய்த் திருப்பத்தில் தெரிந்தது. இதன் டிரைவர் வேறு ஆள், வேகக்காரன். படியில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி வருகிற வரத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவன் கால் பிரேக்கைத் தேடவில்லை. இத்தனை பேர் நிற்பது அவன் கண்ணில் பட்டிருக்குமா, பட்டிருந்தாலும் இங்கே யாரும் ஏற மாட்டார்கள் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த விஷயம். ஜெபமணி கையை ஆட்டினாள். எல்லோரும் ஆட்டினார்கள். வேகம் குறையவில்லை.

பூங்காவனம் ரோட்டில் இறங்கினாள். ஓடவில்லை, அவளால் ஓட முடியாது, நடந்து போய் நடு ரோட்டில் நின்றாள். சோற்றுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்னால் பெண்கள் அலறினார்கள், அக்கா, அக்கா என்று. ஹாரன் காதைக் கிழித்தது. முன்கண்ணாடியும் அதற்குப் பின்னால் ஒரு வாய் திறந்த முகமும் பெரிதாகிக்கொண்டே வந்தன. நகரு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் நகரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். ரோடு கிறீச்சிட்டது, ரப்பர் கருகிய நாற்றம் வந்தது, சூடான காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தபோது வண்டியின் நெற்றி ஒரு கை தூரத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டான். "யேய்! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

"வூட்டுக்காரரு முன்னாடி வண்டியில போறாரு, அங்க போயி கேளு" என்றாள் பூங்காவனம். பெண்கள் பக்கம் திரும்பி, "இன்னாடி பாக்கிறீங்க, ஏறுங்க" என்றாள். அவர்கள் ஓடினார்கள். கன்டக்டர் இடமில்லை இடமில்லை என்று படியை மறித்தான், அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஜெபமணி ஏறினாள், மும்தாஜ் பிஸ்கட்டோடு ஏறினாள். மஞ்சள் சட்டைப் பெண் பக்கத்தில் ஓடி வந்து, தட்டத் தட்ட வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை என்று ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. "நகரும்மா, வண்டி எடுக்கணும்!" என்று டிரைவர் கதறினான். நகர்ந்தால் எடுத்துவிடுவான். இன்னும் நாலைந்து பேர் படிக்குக் கீழே நின்றிருந்தார்கள். பூங்காவனம் சூடாக இருந்த அந்த இரும்பு நெற்றிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, கடைசி ஆள் ஏறுகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.